யாருக்கும் தெரியாத போன்

எங்கள் கடையில் அந்த அக்காவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஐபோன் அம்மா. நேரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். சிம்மக்கல்லில் எவர்சில்வர் பாத்திர மொத்த வியாபாரம். கீழே குடமும் அண்டாவும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், மாடியில் நாங்கள் உட்கார்ந்து பில் போடுவோம். எங்களில் மூத்தவர் அந்த அக்கா. செக்கானூரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். மஞ்சப்பையில் தூக்குச்சட்டி, காலில் ரப்பர் செருப்பு, கம்பி வளைந்த குடை, கையில் ஐபோன். கேலி பேசாமல் விடுவார்களா?

அது பவுசுக்கு வாங்கிய போன் இல்லை, தங்கச்சிக்காக வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்தவர்கள் இது தெரியாமல் கடைசிவரைக்கும் அவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். எனக்கு மட்டும் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. இல்லை என்று அவர் சொல்லிக் கேட்டதே கிடையாது. அதற்காகக் கேட்டதைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். "ஞாயித்துக்கிழமை சரக்கு எண்ணணும், வந்துரும்மா" என்று முதலாளி சொல்வார். "ஆகட்டும்ண்ணே" என்பார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் அத்தனையும் எண்ணி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். முதலாளி திட்டுவதற்கு வாயைத் திறந்து, என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொள்வார்.

போன் விஷயத்திலும் அப்படியே. சுமை தூக்குகிற அண்ணன் ஒருவர், "ஆத்தா, ஒரு போன் பண்ணிக்கிறேன், குடு" என்று கை நீட்டுவார். அக்கா உடனே எடுத்துக் கொடுப்பார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மேலே தள்ளுவார், கீழே தள்ளுவார். "என்னத்தா இது, போக மாட்டேங்குது" என்று அவரே திருப்பிக் கொடுத்துவிடுவார். "அது அப்படித்தாண்ணே, ஒரு மாதிரி" என்று அக்கா வாங்கி வைத்துக்கொள்வார்.

யார் எந்தப் போன் வைத்திருக்கிறார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முதலாளி மகன் ஐபோன்தான் வைத்திருந்தான். கேட்டால், படம் தெளிவாக வரும், வேகம் குறையாது என்று பெரிய பிரசங்கமே செய்வான். மேசையில் அதை எப்போதும் முதுகு மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்துத்தான் வைப்பான், எந்தப் படத்தை அதில் பார்த்தானோ தெரியாது. சுமை தூக்குகிற அண்ணனுக்கு ஆண்ட்ராய்டுதான் உசுரு. இரண்டு சிம் போடலாம், ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடன் கேட்கிறவர்களுக்கு. நானும் ஆண்ட்ராய்டுதான். ஏன் என்று யோசித்ததுகூட இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரிடமும் அது இருந்தது, எனக்கும் வந்து சேர்ந்தது. சரியாகப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் போனைப் பார்த்துப் போன் வாங்குவதில்லை. யாரோடு சேர்ந்து இருக்கிறோமோ, யாரைப் போலத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ, அவர்கள் கையைப் பார்த்து வாங்குகிறோம். கூட இருக்கிறவர்கள் கைக்குப் பழகாத போன் வேண்டும் என்று தேடி வாங்கிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, அந்த அக்காதான்.

அவர் வீட்டுக் கதை இது. அக்காவைச் சொந்த அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவர். அந்த வீட்டில் இளையவர், அதாவது அக்காவின் கொழுந்தனார், தங்கச்சிக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. தங்கச்சி நர்சிங் படிக்கப் போன இடத்தில் கூடப் படித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு ஆளுகள். ஒரு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம், இப்போது படித்து உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அதை அந்த வீட்டால் தாங்க முடியவில்லை. அவளோடு பேசுகிறவள் யாராக இருந்தாலும் இந்த வாசலில் நிற்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். கொழுந்தனார் வேறு ஒன்று சொன்னார், கண்ணில் பட்டால் விட மாட்டேன் என்று. அவர் பிறவியிலேயே முரடர் இல்லை. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டவர், அந்த நினைப்பே அவரை அப்படி ஆக்கிவிட்டது.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மறுநாள் கடைக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டார்.

அப்போது அவர் கையில் இருந்ததும் ஆண்ட்ராய்டுதான். அந்த வீட்டில் போன் என்றால் வீட்டுக்குப் பொது, அவரவர் போன் என்று கிடையாது. சாயங்காலம் எல்லாப் போனையும் பிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார்கள். யாருக்கு எது கையில் கிடைக்கிறதோ எடுத்துப் பேசுவார்கள். எல்லாப் போனிலும் ஒரே பூட்டு, புள்ளிகளின் மேல் ‘ப’ போட்டால் திறந்துவிடும். அதை மாற்றினால், எதுக்கு மாத்தின என்று கேள்வி வரும். ஆம்பளை மாற்றினால் வராது, பொம்பளை மாற்றினால் வரும். அதனால் அக்கா பூட்டை மாற்றவில்லை. தங்கச்சி நம்பரைக் கேஸ் கம்பெனி என்று பெயர் போட்டு வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் கொழுந்தனார் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார். "கேஸ்காரன்கிட்ட தெனமும் அம்புட்டு நேரம் என்ன பேசுறீக மதினி?"

அவ்வளவுதான். அந்த நம்பரை வைத்து எப்படியோ விசாரித்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, தங்கச்சி குடியிருந்த திண்டுக்கல்லுக்கே போய்விட்டார். தெருமுனையில் ஆட்கள் விசாரிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து சொன்னதால் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் போட்டபடி விட்டுவிட்டு, கட்டின துணியோடு பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையனோடு கூடப் பிறந்தவள் வாழ்க்கைப்பட்ட திருவாதவூரில் போய் இருந்தார்கள். அந்த ஊர்ப் பெயர் வெளியே தெரிந்தால் அடுத்து ஓடுவதற்கு இடம் இல்லை. அக்கா காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த ஒரு ஊர்ப் பெயரைத்தான்.

"எம் போனாலதான் அவுக ஓடுனாக" என்று என்னிடம் சொன்னார். அழவில்லை. "தீவாளி போனஸ் வரட்டும். நீயும் கூட வா."

டவுன்ஹால் ரோட்டில் பழைய போன் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி நல்ல பேச்சுக்காரன்.

"என்ன மாதிரிக்கா பாக்குறீங்க? போட்டோ நல்லா விழணுமா, சார்ஜு நிக்கணுமா?"

"எங்க வீட்ல யாருக்கும் அதை ஓட்டத் தெரியக் கூடாது" என்றார் அக்கா.

அவன் என்னைப் பார்த்தான், நான் தெருவைப் பார்த்தேன். பிறகு உள்ளே போய் ஒரு பழைய ஐபோனை எடுத்து வந்தான். நல்ல பையன், அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். "முன்னாடியே சொல்லிர்றேன்க்கா, அப்புறம் கொண்டாந்து சண்டை போடக் கூடாது. இதுல பின்னாடி போற பட்டன் கெடையாது."

"நல்லது."

"ரெண்டு சிம் போட முடியாது. மெமரி கார்டு ஏறாது."

"சரி."

"வீட்ல இருக்க சார்ஜரு எதுவும் இதுல சேராது."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. அவன் குழம்பிப் போய்விட்டான். கடைசியில், முகத்தைக் காட்டினால் திறக்கும் என்று செய்து காட்டினான். அக்கா அதை வாங்கி மூன்று நான்கு தடவை தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன்.

"மூஞ்சி இல்லேன்னாலும் நம்பர் போட்டுத் திறந்துக்கலாம்க்கா" என்று அவன் தொடங்கினான்.

"அதை யாருகிட்டயும் சொல்லாத தம்பி. எம் மூஞ்சிக்கு மட்டுந்தான் திறக்கும்."

வீட்டில் பெரிய சத்தம். பாத்திரக் கடையில் பில் போடுகிறவளுக்கு இது எதுக்கு என்று அத்தை பேசித் தீர்த்துவிட்டார். அக்கா போனைக் கொண்டுபோய் மற்றப் போன்களோடு பிரிட்ஜ் மேல் வைத்தார். அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஒளித்து வைத்திருந்தால் தேடியிருப்பார்கள். அத்தையே ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, தொட்டாத் திறக்க மாட்டேங்குது" என்றிருக்கிறார். "அதுக்கு எம் மூஞ்சிதான் அத்தை பழக்கம். நாமளா பூட்டலை, அதோட பெறப்பே அப்படி" என்று அக்கா சொன்னார். பூட்டிய பழி போன் மேல் போய்விட்டது. பொம்பளை மேல் வரவில்லை. அந்த வீட்டில் ஐபோன் என்றால் உடையவள் முகம் இல்லாமல் திறக்கவே திறக்காது என்று எல்லாரும் நம்பினார்கள்.

கொழுந்தனார் மட்டும் ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தார். ஒரு மத்தியானம் அக்கா பாயில் படுத்திருந்தபோது மெதுவாக வந்து, போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். அக்கா தூங்கவில்லை.

"கண்ணைத் திறந்தா போனும் திறந்துரும்னு தெரியும்" என்று என்னிடம் சொன்னார். "இறுக்கி மூடிக்கிட்டுக் கெடந்தேன். மூக்கு மேல ஈ வேற உக்காந்திருச்சு."

"அப்புறம்?"

"அவரு மூச்சு எம் மேல படுது. ஈயும் போக மாட்டேங்குது. தங்கச்சிய நெனச்சுக்கிட்டேன், அசையலை." கடைசியில் கொழுந்தனார், இது முழிச்சிருந்தாத்தான் திறக்கும் போல என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். சொல்லும்போது அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி, அண்டா அடுக்குக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து தங்கச்சியோடு பேசுவார். அக்காதான் கூப்பிடுவார். தங்கச்சி ஒருநாளும் கூப்பிடக் கூடாது, அது கட்டளை. தங்கச்சி வீட்டுக்காரருக்கு மட்டும், உயிர் போகிற காரியமாக இருந்தால் கூப்பிடலாம் என்று உத்தரவு. இவ்வளவு யோசித்த அக்கா ஒன்றை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தங்கச்சி முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கம் முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டு ஆள் போய் வளையல் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். அக்கா போக முடியாது. "நீ போடி. எந் தங்கச்சிக்குத் தாய்வீடு நீதான்" என்று என்னை அனுப்பினார். நானும் புதுமண்டபத்துப் பக்கம் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு திருவாதவூர் போய், என்னைவிடப் பெரியவளான அந்தப் பெண்ணுக்குத் தாய்வீடாக நின்று போட்டுவிட்டேன். அக்கா அண்டா அடுக்குக்குப் பின்னால் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை, வலது கை, சந்தனம் என்று அங்கிருந்தே அதிகாரம் செய்தார். படம் நின்று நின்றுதான் வந்தது. தங்கச்சி வளையலைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கறி எடுத்திருந்தார்கள், சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். அக்கா கொல்லையில் கறிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்க, பிரிட்ஜ் மேல் ஐபோன் அடித்தது. கொழுந்தனார் பக்கத்தில் இருந்தார். வருகிற அழைப்பை எடுக்க யார் முகமும் வேண்டாம் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. விரலால் தள்ளினார், எடுத்துவிட்டது.

"மதினி, வலி எடுத்துருச்சு, ஆபரேஷன்னு சொல்றாக. அவ உங்களப் பாக்கணும்ங்கிறா" என்று அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுக்காரர் கத்துவது கொல்லை வரைக்கும் கேட்டிருக்கிறது. கொழுந்தனார் குரலை மாற்றாமல், "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். பதற்றத்தில் இருந்த மனிதர், கேட்பது யார் என்றுகூட யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

அக்கா உள்ளே வரும்போது அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அத்தை நிற்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையில் கை வைத்தபடி பார்க்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். ஒளிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "எந்த ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சிருச்சுல்ல. வண்டியை எடுங்க" என்றார் கொழுந்தனாரிடம்.

அவருக்குப் புரியவில்லை.

"பஸ்ஸுக்கு நின்னா நேரமாயிரும். என்னையக் கொண்டு போயி விடுங்க. உங்க மாமன் மக ஆபரேஷனுக்குப் படுத்திருக்கா."

அத்தை, "ஏண்டி, எம்புட்டு நாளா இந்த நாடகம்?" என்று மட்டும் கேட்டார். "அன்னைக்கு இருந்தே பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை. வந்து சொல்றேன்" என்றார் அக்கா. வாசலில் போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டார். கொழுந்தனார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை இதை என்னிடம் சொன்னபோது கேட்டேவிட்டேன். "என்னக்கா இது, யாருக்குப் பயந்து இத்தனை நாள் ஒளிச்சோமோ அவரையே கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற? அவரை வீட்ல விட்டுட்டுப் போனா நாலு பேரைச் சேத்துக்கிட்டு வருவாரு. நான் பின்னால உக்காந்திருந்தா வண்டி ஓட்டத்தான் முடியும்."

அவரால் அதுதான் முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார், உள்ளே வரவில்லை. "இங்கனயே நில்லுங்க, ரத்தம் கித்தம் வேணும்னு சொன்னாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். ரத்தம் தேவைப்படவில்லை. பெண் பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று தெரிந்து அக்கா வெளியே வந்தபோது, அந்த மனிதர் டீக்கடை ஓரத்தில் வண்டியோடு அப்படியே நின்றிருந்தார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் அத்தை மறித்தார். "போன எடத்துலயே இருந்துக்கிற வேண்டியதுதான?"

"ஆகட்டும் அத்தை" என்றார் அக்கா. அத்தையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், உலையில் அரிசியைப் போட்டார். அக்காவை எனக்கு அதற்கு முன்னாலும் பிடிக்கும். அதைக் கேட்ட பிறகு, இவரைப் போல ஒரு நாளாவது இருந்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. இன்னும் அது கைகூடவில்லை. நான் கத்திச் சண்டை போட்டுத் தோற்கிற ரகம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிக் கடையை விட்டு நின்றேன். பத்திரிகை வைப்பதற்காக அக்கா வீட்டுக்கு முதலும் கடைசியுமாகப் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கொழுந்தனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காப்பி போடப் போன அக்கா, போனைச் சமையல்மேடையில் சாய்த்து வைத்து, சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டுத் தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளிலிருந்து தினமும் இப்படித்தானாம். அவர் பேசுவார், வீடு கேட்காத மாதிரி இருக்கும். கொழுந்தனார் எழுந்து வெளியே போய்விடுவாராம், அன்றைக்கும் போனார். அத்தை ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லையாம்.

போனில் பிள்ளை அழ ஆரம்பித்தது. தங்கச்சி அதைக் கவனிக்காமல் என்னிடம் கல்யாணச் சேலை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கலர், கரை என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் சத்தம் கூடிக்கொண்டே போனது. அத்தை கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"சேலை எங்கயும் ஓடிராது. மொதல்ல பிள்ளையத் தூக்கச் சொல்லு அவளை."

அந்தப் பக்கம் தங்கச்சியின் பேச்சு நின்றது. அடுப்படியில் அக்காவின் கை கரண்டியோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் அழுகையும் நின்றது. தங்கச்சி தூக்கியிருக்க வேண்டும். அத்தை அடுத்த காம்பை எடுத்து உருவினார்.